சுவர்ப் பக்கம்

ஏஜென்சியில் அவளுக்கு ஸ்பிரிங் அக்கா என்று பெயர். நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிடுவாளாம். நின்றபடியே சாப்பிடுவாள், நின்றபடியே டீ குடிப்பாள், யாராவது துக்கம் சொன்னால்கூட நின்றபடியே கேட்பாள். வயது அறுபதை ஒட்டிவிட்டது. முட்டிகள் இரண்டும் அந்தப் பட்டப்பெயரை எப்போதோ கைவிட்டுவிட்டன. அவள்தான் விடவில்லை.

அவளுடைய சொத்து ஒரு சூட்கேஸ். உள்ளே மாற்றுத் துணி, வீட்டுக்குள் போடும் செருப்பு, நகவெட்டி, டார்ச், தெர்மாமீட்டர், பிறகு இரண்டு தலையணை உறைகள். தலையணை எந்த வீட்டிலும் கொடுப்பார்கள். உறை நம்முடையதாக இருந்தால் எந்த வீட்டிலும் தூக்கம் வரும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. வீட்டோடு தங்கிப் பார்க்க வேண்டும். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை கொடுப்பார்கள். அங்கே ஏற்கெனவே இஸ்திரிப் பலகையும் உடைந்த ஃபேனும் குடியிருக்கும். அவற்றோடு அவளும்.

புருஷன் என்று ஒருவன் இருந்தான். வேலை தேடி வெளியூர் போனவனுக்கு வேலையும் கிடைத்தது, கூடவே இன்னொரு குடும்பமும் கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான். அழுது தீர்த்த பிறகு அவள் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். ஒரு கூடத்தில் கட்டில் போட்டு, ரப்பர் பொம்மையைக் கிடத்தி, குளிப்பாட்டவும் திருப்பிப் போடவும் கற்றுக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பொம்மையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அதன் காதுக்குப் பின்னாலும் துடைத்தாள். பயிற்சி முடிந்த முதல் நாளே வேலை கிடைத்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நோயாளி போய்விட்டால், பார்த்துக்கொண்டவளும் மறுநாள் போக வேண்டும். சொந்தக்காரர்கள் வர வர, நேற்றுவரை அந்த உடம்பின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவள் வழியில் நிற்கும் ஸ்டூல் மாதிரி ஆகிவிடுவாள். "நீங்க யாரு?" என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். தங்கை ஒருத்தி வேறு ஊரில் இருந்தாள். வாரவிடுமுறை அன்று போன் வரும்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீதான் சொல்லணும்."

அதற்குமேல் அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்ததில்லை.

இந்த முறை அவள் போன வீட்டில் ஒரு பழைய லாரி டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டது, போகிற போக்கில் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மனைவி எப்போதோ காலமாகிவிட்டாள். ஒரே மகன் தொலைதூரத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தரையிலிருந்து பார்த்தால் எறும்பு மாதிரித் தெரியும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து வேலை. லீவு கிடைப்பது அபூர்வம். அதனால் அப்பாவின் அறைக் கதவுக்கு மேலே ஒரு கேமரா பொருத்தியிருந்தான். இடைவேளையில் போனைத் திறந்து கட்டிலைப் பார்ப்பான். அப்பாவின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு மறுபடி கூண்டுக்குள் போவான்.

கேமரா விஷயத்தில் அவள் முதல் நாளே ஒரு சட்டம் போட்டாள்.

"தம்பி, குளிப்பாட்டும்போதும் துணி மாத்தும்போதும் கேமரா மேல துண்டு போட்டுடுவேன். முடிஞ்சதும் எடுத்துடுவேன். உங்கப்பாவா இருந்தாலும் அவருக்கும் மானம் இருக்கு."

"சரிக்கா. எடுத்துடுவீங்கல்ல?"

"எடுக்காம? துண்டு எனக்கும் வேணுமே."

அந்த வீட்டில் ஒரு நாயும் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும், வயதானது. பெயர் மந்திரி. டிரைவர் லாரி ஓட்டிய காலத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போன நாய். வண்டியை எடுப்பதற்கு முன் அவர், "என்ன மந்திரி, போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாராம். மகன் சொன்னான். வீட்டில் அது அவர் கட்டிலுக்கு அடியில் படுக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலும் காற்று மெத்தையும் வந்த அன்று, நோயாளி அறையில் நாய் கூடாது என்று யாரோ சொல்ல, மகன் அதைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டு முற்றத்தில், தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினான். அன்றிலிருந்து அது அங்கேதான்.

அவளுக்கு நாய் மேல் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. மிஞ்சியதைத் தட்டில் போடுவாள், தண்ணீர் ஊற்றுவாள், கையை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அவளுக்கு வேறு கவலை இருந்தது. பெரியவரின் இடது இடுப்பெலும்பின் மேல் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும், சத்தமில்லாமல்.

வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் சிஸ்டர் முகத்தைச் சுளித்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்புறீங்கதானே?"

"திருப்பாம என்ன? ஒரு தடவை ஜன்னல் பக்கம், ஒரு தடவை சுவர்ப் பக்கம். தவறினதே இல்ல."

"அப்புறம் ஏன் ஒரே பக்கம் சிவக்குது?"

"இவரு சுவர்ப் பக்கம் நிக்கமாட்டேங்கறாரு சிஸ்டர். திருப்பி விட்டுட்டு அந்தப் பக்கம் போனா, நல்ல கையால சுவரைத் தள்ளித் தள்ளி மல்லாந்து, அப்படியே ஜன்னல் பக்கம் வந்துடறாரு."

"முதுகுக்குத் தலையணை முட்டுக் குடுங்க. இது வாய் திறந்துச்சுன்னா வீட்ல வச்சிருக்க முடியாது. நோயாளிங்க விடுதிக்குத்தான் அனுப்பணும்."

விடுதி என்ற சொல் பெரியவருக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு போனவர்களுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். சிஸ்டர் அப்படிப்பட்டவள் இல்லை, அவசரம், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் அக்கா முட்டுக் கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டு தலையணை. கட்டிலின் வலது புறம் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி முட்டுக் கொடுத்துவிட்டால் மனிதர் கீழே விழ வழியில்லை. ஆகவே துணி துவைப்பது, சமைப்பது, கழிவறை கழுவுவது எல்லாவற்றையும் அந்த நேரத்தில் வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். திரும்பி வரும்போது தலையணை கட்டிலுக்கு நடுவில் கசங்கிக் கிடக்கும், பெரியவர் அதன்மேல் பாதி ஏறிக் கிடப்பார், நெற்றி வியர்த்திருக்கும். சுவரில் அவர் கை பட்டுப் பட்டு ஓர் அழுக்குத் தடம் விழுந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாய் ஆபீசர் வந்தார்.

நகராட்சியில் நாய்ப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். ஒல்லியான மனிதர், தோளில் துணிப்பை, கையில் அளவு நாடா. வாசலில் மணி அடிக்காமல் நேராகப் பக்கவாட்டு முற்றத்துக்குப் போய் நாயின் முன்னால் குந்தியிருந்தார். மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம்வரை அளந்தார். பிறகு சங்கிலியை அளந்தார். மந்திரி தையற்காரரிடம் நிற்பது போல் பொறுமையாக நின்றது.

"நாய் உங்களுதாம்மா?"

"என்னுது இல்ல. உள்ள படுத்திருக்கார் பாருங்க, அவருது."

"அவர் வந்து பேசுவாரா?"

"அவர் பேசி மாசக்கணக்காச்சு."

"அப்ப சோறு வைக்கிறது யாரு?"

"நான்தான். மிஞ்சினதைப் போடறது ஒரு குத்தமா?"

"குத்தமில்ல. ஆனா சோறு வைக்கிறவங்கதான் பொறுப்பு. விதி அப்படித்தான் இருக்கு."

"அப்படிப் பாத்தா இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் அம்மா."

அவர் சிரித்தார். பிறகு நாய்களைக் கட்டி வைப்பதற்கான விதிகளைச் சொன்னார். இங்கே ஒவ்வொன்றும் மீறப்பட்டிருந்தது. சங்கிலி நாயின் நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். இது ஒன்றரைகூட வரவில்லை. மழையிலும் கொளுத்தும் வெயிலிலும் வெளியே விடக் கூடாது. இங்கே கூரையே இல்லை. ஒரேயடியாக நாள் முழுக்கக் கட்டக் கூடாது, ராத்திரி வெளியே போடவே கூடாது.

"இத பாருங்கம்மா," என்று நாயின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் குனிந்தாள். முழங்கையில் முடி உதிர்ந்து, தோல் காய்த்து, நடுவில் சிவந்திருந்தது. சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து வந்தது. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. தன் கண்ணுக்குக் கீழேயே, தான் தினம் தட்டு வைக்கிற இடத்தில், ஒரு படுக்கைப்புண். விரலால் அழுத்திப் பார்த்தாள். பழக்கதோஷம்.

"அது மட்டுமில்ல. தினமும் கொஞ்ச நேரமாவது அவிழ்த்து விட்டு, மனுஷங்களோட சேத்து வச்சிருக்கணும். தனியா விடக் கூடாது. அதுவும் விதிதான்."

"எங்களுக்கும் அந்த மாதிரி ஏதாவது உண்டா? வீட்டோட தங்கி வேலை செய்யறவங்களுக்கு?"

"மனுஷங்களுக்கு வேற டிபார்ட்மெண்ட்மா."

"அது எந்தப் பக்கம் இருக்கு?"

"அது எனக்கே தெரியாது." சங்கிலியை மெதுவாகக் கீழே வைத்தார். "அடுத்த வாரம் வருவேன். ஒண்ணு, நாய் உள்ள இருக்கணும். இல்லேன்னா நாங்க காப்பகத்துக்குக் கொண்டுபோயிடுவோம். இவ்வளவு வயசான நாயை அங்கேருந்து யாரும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க. சொல்லிட்டேன்." போகிற போக்கில் திரும்பினார். "பக்கத்து வீட்டம்மா புகார் குடுத்ததாலதான் வந்தேன். குரைச்சா ரெண்டு மணி நேரம் குரைக்குதாம். அப்புறம் ரெண்டு மணி நேரம் வாயே திறக்கறதில்லையாம். கடிகாரத்துக்குச் சாவி குடுத்த மாதிரின்னு சொன்னாங்க. நானும் எத்தனையோ நாயைப் பாத்திருக்கேன், ஷிப்ட் போட்டுக் குரைக்கிற நாயைப் பாத்ததில்ல."

அன்று மாலை மகனுக்குப் போன் செய்தாள். பின்னணியில் ஏதோ இரும்பு உரசும் சத்தம்.

"குடுத்துடுங்கக்கா," என்றான் மகன். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உள்ள விட முடியாது. அப்பாவுக்கு ஏதாவது தொத்திக்கிச்சுன்னா? நாயைப் பாக்கறதா, அப்பாவைப் பாக்கறதா?"

"உள்ள விட வேண்டாங்கறீங்க."

"வேண்டாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் அதுவே சரியென்று பட்டது. போனை வைத்துவிட்டுப் பெரியவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள், தலையணையை முட்டினாள், துணி துவைக்கப் பின்பக்கம் போனாள்.

இயந்திரம் உருள ஆரம்பித்தது. அதன் சத்தத்துக்கு நடுவே நாய் குரைத்தது.

வேலை செய்யும் வீட்டில் சத்தங்களைக் காதில் வாங்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான். மெத்தைக்குக் காற்றடிக்கும் மோட்டார், குழாய்ச் சொட்டு, தெருவில் ஹாரன். எல்லாவற்றுக்கும் காது கொடுத்தால் பைத்தியம் பிடித்துவிடும். நோயாளியின் இருமல் மட்டும் கேட்க வேண்டும். நாயின் குரைப்பை அவள் மோட்டாரோடு சேர்த்து மறந்துவிட்டிருந்தாள். இன்று ஆபீசர் சொல்லிவிட்டுப் போனதால் காது அதைப் பிடித்துக்கொண்டது. ஷிப்ட் போட்டுக் குரைக்கிற நாய்.

கையில் ஈரத் துணியோடு நின்றாள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அறைக்கு வந்தாள். பெரியவர் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே குரைப்பு, உள்ளே தள்ளல். ஒவ்வொரு குரைப்புக்கும் அந்தக் கை சுவரில் பதிந்தது.

தலையணைகளை உருவினாள். அவரை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இரண்டு மூன்று மூச்சுக்குள் குரைப்பு நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மந்திரி சங்கிலியை அது இழுபடுகிற அளவுக்கு இழுத்துக்கொண்டு, கழுத்து நெரிய, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்து தலையணைமேல் இருக்கும் முகம் மட்டும் தெரியும். முகம் தெரிந்துவிட்டது. மெதுவாகப் படுத்தது, காய்த்துப்போன அதே முழங்கையில்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை அவள். மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பினாள். குரைப்பு. ஜன்னல் பக்கம். அமைதி. அடுத்த தடவை திருப்பப் போனபோது பெரியவர் அவளை முறைத்தார்.

"மன்னிச்சுக்கோங்கப்பா," என்றாள். "எனக்கு இப்பத்தான் மண்டையில ஏறுது."

இத்தனை நாளாகத் தவறாமல் திருப்பினோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டது என்ன! அந்தத் தவறாமையைத்தான் பக்கத்து வீட்டுக்காரி கடிகாரம் என்றிருக்கிறாள். நாயைக் கொடுத்துவிட்டால் குரைப்பு நிற்கும். தள்ளல் நிற்குமா? இல்லாத நாயைத் தேடி மனிதர் ஜன்னல் பக்கமே கிடப்பார். புண் வாய் திறக்கும். விடுதி வண்டி வரும். கணக்கு அவளுக்குச் சட்டென்று புரிந்தது. இதில் பாசத்துக்கெல்லாம் வேலையில்லை.

இருட்டுவதற்குள் காரியத்தை முடித்தாள். கட்டிலின் சக்கரப் பூட்டைத் தட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒரு நாய் படுக்கும் அளவுக்குத் தள்ளினாள். அந்தச் சந்தில் ஒரு பழைய போர்வையை மடித்து விரித்தாள். மந்திரியைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், பெரியவரைக் குளிப்பாட்டுகிற அதே ஒழுங்கில், காதுக்குப் பின்னால்கூட விடாமல் குளிப்பாட்டினாள். முழங்கையில் களிம்பு தடவினாள். பிறகு அறைக்குள் விட்டாள்.

அது ஓடவில்லை, குதிக்கவில்லை. நேராகச் சந்துக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது, அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி. அவள் பெரியவரைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தலையணை வைக்கவில்லை. நல்ல கை கம்பிக்கு வெளியே தொங்கியது, எதையோ தடவிக் கண்டுபிடித்தது, அங்கேயே நின்றுவிட்டது. மடிந்த காது.

வீட்டில் சத்தமே இல்லை. மோட்டார் ஒன்றுதான் முனகிக்கொண்டிருந்தது. அவள் கதவோரம் நின்றாள். அவர்கள் இருவருக்கும் அவள் அங்கே நிற்பது தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துவைக்காமல் விட்ட துணியை எடுக்கப் போனாள்.

ஒரு விஷயம் பாக்கியிருந்தது. கேமரா.

நாயைக் குளிப்பாட்டி உள்ளே கொண்டுவரும்போதே துண்டைப் போட்டிருந்தாள். இரவு துண்டை எடுக்கக் கை நீட்டினாள். மந்திரி தண்ணீர் குடிக்கச் சந்திலிருந்து எழுந்து நடு அறைக்கு வந்தது. கையைக் கீழே இறக்கினாள். நாளைக்கு மகனிடம் சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, கேமராவுல ஒண்ணும் தெரியலையே?"

"துணி காயப் போட்டிருக்கேன் தம்பி. எடுத்துடறேன்."

பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் நோயாளி வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். சொன்னால் உடனே கட்டு என்பான். புண் வெளுக்கிறவரைக்கும், சிஸ்டர் வந்து பார்க்கிறவரைக்கும், ஆபீசர் வந்து போகிறவரைக்கும் என்று தள்ளிப்போட்டாள். அவன் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னாள். துண்டு தொங்கியது.

சிஸ்டர் வந்தாள், இடுப்பை அழுத்தினாள், புருவத்தை உயர்த்தினாள். "வெளுக்குதே! என்ன பண்ணீங்க?"

"சுவர்ப் பக்கத்துக்கு ஆள் போட்டேன்," என்று சந்தைக் காட்டினாள்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். மந்திரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. "சுத்தமா இருக்கா?"

"என்னைவிடச் சுத்தம்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஆபீசரும் வந்தார். குழாயில் வெறும் சங்கிலி தொங்கியது.

"நாய் எங்கம்மா?"

"உள்ள."

"வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"வீட்டுக்காரர் படுத்திருக்கார். அவர் ஒத்துக்கிட்டார்."

ஆபீசர் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

மகன் மறுநாள் காலையில் வந்தான். சொல்லாமல் வந்தான். வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸோடு, ஷேவ் பண்ணாத முகத்தோடு, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்து வந்தான். அவள் அப்போது பெரியவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அப்பாவின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தான். அது ஏறி இறங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உக்காருங்க தம்பி."

"போய்ட்டார்னு நெனச்சேன். நீங்க மறைக்கறீங்கன்னு நெனச்சேன். நான் வர்ற வரைக்கும் சொல்லாம வச்சிருக்கீங்கன்னு... ராத்திரி பூரா பஸ்ல..."

அவன் குரலைக் கேட்டு மந்திரி சந்திலிருந்து வெளியே வந்து, அவன் பூட்ஸை மோந்து, வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது. அவன் நாயைப் பார்த்தான். துண்டைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, அப்பாவின் இடுப்பைக் காட்டி, முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொன்னாள். திருப்பிக் காட்டினாள். சுவர்ப் பக்கம் திரும்பியதும் கை இறங்கிப் போய்க் காதைப் பிடித்துக்கொண்டதைக் காட்டினாள். சிஸ்டர் சொன்னதைச் சொன்னாள். குரைப்பின் கணக்கையும் சொன்னாள். மகன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவின் இடுப்பைத் தானே விரலால் அழுத்திப் பார்த்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்ததோ என்னவோ. மகன் சுவரில் இருந்த கைத்தடத்தை வெகுநேரம் பார்த்தான்.

"நாய் இங்கேயே இருக்கட்டும்," என்றான்.

"சரி."

"ஆனா நீங்க... ஏஜென்சில வேற ஆள் கேக்கப்போறேன்க்கா."

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஆறிவிட்டிருந்தது.

"நாய்க்காக இல்ல," என்றான் மகன், கீழே பார்த்துக்கொண்டு. "துண்டுக்காக. நான் அங்க மேல உக்காந்திருக்கும்போது எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். இனிமே எப்பத் துண்டு விழுந்தாலும் எனக்குப் பயமாத்தான் இருக்கும். அதோட என்னால வேலை செய்ய முடியாது."

அவன் இடத்தில் அவள் இருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பாள்.

"கஞ்சியைச் சூடு பண்ணிட்டு வரேன்," என்றாள்.

புது ஆள் வந்தான். தடித்த, நிதானமான மனிதன். முன்பு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நோயாளியை மாற்றும்போது எதையும் விடக் கூடாது. அவள் விடவில்லை. எந்த மாத்திரையைப் பொடி பண்ண வேண்டும், எந்தப் பல் ஆடுகிறது, தண்ணீரை எந்தக் கடைவாயில் ஊற்ற வேண்டும், எல்லாம் சொன்னாள்.

"ஜன்னல் பக்கம் திருப்பும்போது நாயை ஜன்னல்கிட்ட விடுங்க. சுவர்ப் பக்கம் திருப்பும்போது சந்துல விடுங்க. கூட்டற வசதிக்குன்னு கட்டிலைத் திரும்பச் சுவரோட சேத்துடாதீங்க. அதையும் மருந்து மாதிரி நெனச்சுக்கோங்க."

"எனக்கு நாய்ன்னா கொஞ்சம் பயம்க்கா."

"அதுக்கும் உங்களைப் பாத்தா பயமாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

கடைசியாகத் துண்டை மடித்துச் சூட்கேஸில் வைத்தாள், தலையணை உறையை உருவிக்கொண்டாள். பெரியவரிடம் போய், "வரட்டாப்பா?" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் படுத்திருந்தார், முகம் தெரியவில்லை. திருப்பிப் பார்க்கலாம். நல்ல தூக்கத்தில் இருக்கிற நோயாளியை நேரத்துக்கு முன்னால் திருப்புவது தப்பு. போய்விட்டாள்.

அடுத்த வீடு மாடியில். ஒரு பாட்டியம்மாள், நினைவு தப்பியவர், இந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் அந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் ஒன்றுதான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். பின்னறையில் இஸ்திரிப் பலகைக்குப் பதில் ஒரு தையல் இயந்திரம். முதல் சில நாள் பாட்டியம்மாளைத் திருப்பிவிட்டு, துவைக்கப் போகாமல், அப்படியே நின்று காது கொடுத்தாள். எதற்கு நிற்கிறோம் என்று உறைத்ததும் தன்னையே திட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

வாரவிடுமுறை வந்தது. தங்கை போனில் "சாப்பிட்டியாக்கா?" கேட்டுவிட்டு வைத்தாள். விடுமுறை நாளில் வழக்கமாகப் பஸ் நிலையத்தில் போய் நிற்பாள்; போகிறவர் வருகிறவரைப் பார்த்தால் பொழுது போகும். அன்று ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பழைய தெருவில் இறங்கினாள்.

வாசலுக்குப் போகவில்லை. வேலை விட்ட வீட்டு மணியை அடிக்கக் கூடாது. அது புது ஆளுக்கு மரியாதைக் குறைவு. தெருவுக்கு எதிர்ப்புறம், பக்கவாட்டு முற்றம் தெரிகிற இடத்தில் நின்றாள். குழாயில் சங்கிலியைச் சுற்றி வைத்திருந்தார்கள். துரு ஏற ஆரம்பித்திருந்தது. திருப்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது சுவர்ப் பக்கம்; அவள் போட்டுக்கொடுத்த முறையை மாற்றியிருக்காவிட்டால்.

நேரம் ஆனது. தாண்டியது. குரைப்பு இல்லை. அப்படியென்றால் கட்டில் சுவரிலிருந்து தள்ளியே இருக்கிறது. சந்தில் ஆள் இருக்கிறது. கை காதில் இருக்கும்.

முட்டி வலித்தது. பக்கத்து வீட்டம்மா குப்பைக் கூடையோடு வெளியே வந்தாள். புகார் கொடுத்தவள். இத்தனை மாதம் ஒரே மதிலின் இருபுறமும் துணி உலர்த்தியவர்கள். அவள் இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"ஸ்டாப் இந்தப் பக்கம்ல?"

"ஆமால்ல," என்றாள் ஸ்பிரிங் அக்கா. "நாய் எதுவும் குரைக்கறதில்லையா இங்க?"

"முந்தி ஒண்ணு குரைச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்போ இல்ல." பக்கத்து வீட்டம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "குடுத்துட்டாங்க போலிருக்கு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நீங்க யாரு என்று கேட்பாள். தலையை ஆட்டிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் தெருவைக் கடந்தாள். நிழற்குடையில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. பஸ் வருகிறவரைக்கும் உட்கார்ந்தாள்.